முன்வரிசைக்கு ஆள்

மதிவாணன் தன் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்துவிட்டு எங்களை அதைச் சுற்றி உட்காரச் சொன்னான். மந்தாரக்குப்பத்தில் அவன் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் தனியார் பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு அறை அது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு என்பதால் முழங்கால் முகவாயில் இடித்தது. போன ஞாயிறு பண்ருட்டிக்காரர்களோடு நாங்கள் ஆடிய அரையிறுதி போனில் ஓடியது. ஆட்கள் எறும்பு அளவுக்குத்தான் தெரிந்தார்கள். ஆனாலும் என்னைக் கண்டுபிடிப்பதில் யாருக்கும் சிரமமில்லை. பந்து எங்கே போகிறதோ அங்கே ஒரு தொப்பைக்காரன் நின்றுகொண்டிருப்பான். அதுதான் நான், ராஜேந்திரன்.

"இங்க நிறுத்துறேன், நல்லாப் பாருங்க," என்றான் மதிவாணன். "பிரவின் கையில பந்து. எதுர்ல கோல். தடுக்க ஒரு ஆள் இல்ல. என்னா பண்றான்?"

போனில் என் தம்பி பிரவின்குமார் கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து, பந்தை என்னிடம் குத்திக் கொடுத்தான். நான் உதைத்தேன். பந்து ஓரக் கம்பத்தை உரசிக்கொண்டு போயிற்று.

"ஆறு வரவேண்டிய எடத்துல ஒண்ணு. அடுத்தது பாருங்க, இது கொளஞ்சி. இவனும் அண்ணனுக்குத்தான். இதுவும் ஒண்ணு. இப்படியே எட்டு தடவ. பண்ருட்டிக்காரன் நம்மளவிட மோசமா ஆடுனதால ஃபைனலுக்கு வந்துட்டோம். அங்க வந்து இப்படி ஆடுனா விழுப்புரத்துக்காரன் நம்மள ஊதித் தள்ளிடுவான்."

கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பிரவின் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான் சிரிப்பான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு வாய் நம்முடையதாகவே இருக்காது அல்லவா, எனக்குப் பல வருஷமாக உடம்பு முழுக்க அப்படித்தான். அப்பா செத்தபோதும் நான் அழவில்லை. பந்தல்காரனிடம் நாற்காலி எத்தனை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது ஆஸ்திரேலியாக்காரன் ஆட்டம். மதிவாணன் சென்னையில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு முட்டை வடிவத்தில் ஒரு சிவப்புப் பந்தோடு திரும்பி வந்தான். ஊர் சிரித்தது. பந்தைக் கையில் பிடிக்கலாம், ஓடலாம், உதைக்கலாம். இன்னொருவனுக்குக் கையால் கொடுப்பதென்றால் எறியக் கூடாது, முஷ்டியால் குத்தித்தான் கொடுக்கவேண்டும். உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர், பிடித்தவனை யாரும் தொடக் கூடாது, அவன் நின்று நிதானமாக உதைக்கலாம். நான்கு சவுக்குக் கம்பம் நட்டிருப்போம். நடுவிலிருக்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையில் போனால் கோல், ஆறு புள்ளி. ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் ஒன்று. நாங்கள் ஆடுவது ஒன்பது பேர் ஆட்டம். முன்வரிசையில் மூன்று பேர், நடுவில் மூன்று, பின்னால் மூன்று. நடுவரிசை மைதானம் முழுக்க ஓடலாம். ஆனால் முன்வரிசை மூவர் உதைத்தால்தான் கணக்கு. அடையாளத்துக்கு அவர்கள் மட்டும் இடது கையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொள்ளவேண்டும்.

அந்த மூன்று ரிப்பனும் என்னிடமும் பிரவினிடமும் கொளஞ்சியப்பனிடமும் இருந்தன. மூன்று பேருக்கும் நிலக்கரிச் சுரங்கத்தில், மைன்ஸில்தான் வேலை. நான் பர்மனென்ட், கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். அவர்கள் இருவரும் கான்ட்ராக்ட். பெல்ட்டிலிருந்து கொட்டும் கரியை அள்ளுவது, உருளைகளுக்கு கிரீஸ் வைப்பது, பெல்ட் கிழிந்தால் அதன் அடியில் படுத்துப் புரண்டு ஒட்டுவது எல்லாம் கான்ட்ராக்ட். எல்லாம் முடிந்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தள்ளி நின்று, "ஆயிடுச்சிண்ணா" என்பார்கள். பெல்ட்டை ஓடவிடும் பட்டனை அமுக்குவது நான். அவர்கள் அமுக்கக் கூடாது. அமுக்கினால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததே இல்லை. அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிராக் பேன்ட் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கும் வந்துவிட்டது. பந்தை அரும்பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கடைசி உதை மட்டும் எனக்கு.

கொளஞ்சியப்பனுக்கு அது வேலைப் பழக்கம், அவ்வளவுதான். பிரவினுக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு.

எங்கள் ஊர் கம்மாபுரம் பக்கம். நிலத்தை மைன்ஸுக்கு எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். நாங்கள் இரண்டு பேர். நான் அப்போது பண்ருட்டி மண்டியிலிருந்து கோயம்பேட்டுக்குப் பலாப்பழ லோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரவின் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு வீட்டில் இருந்தான். மைன்ஸ் வேலைக்கு யார் பொருத்தம் என்று வழியில் போகிற ஆட்டுக்குட்டியைக் கேட்டால்கூடச் சொல்லியிருக்கும். அப்பா அவனைத்தான் கேட்டார். அவன், "அண்ணனுக்கே குடுங்கப்பா, கல்யாண வயசு," என்றுவிட்டான். என்னை யாரும் கேட்கவில்லை. நான் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது ஊரே கூடி அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் நின்று எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? லாரி சாவியை மண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு மைன்ஸுக்குப் போனேன். அதற்குப் பிறகு கம்பெனி குவார்ட்டர்ஸில் வீடு வந்தது, கல்யாணம் ஆனது. பிரவின் மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, என் பெல்ட்டுக்கு அடியிலேயே கரி அள்ள வந்துசேர்ந்தான். இன்றுவரை டீக்கடையில் புதிதாக யாராவது வந்தால், "இவர்தான், அண்ணனுக்கு வேலய வுட்டுக் குடுத்தாரே," என்று காட்டுவார்கள். பிரவின் சிரிப்பான். நான் டீயைக் குடிப்பேன்.

வகுப்பறையிலிருந்து எல்லோரும் கிளம்பியதும் மதிவாணன் என்னை மட்டும் நிறுத்தினான்.

"அண்ணா, ஒரு விஷயம். சென்னையில ஒரு அகாடமி. ஸ்கூல் ஸ்கூலா போயி இந்த ஆட்டத்தச் சொல்லிக் குடுக்குறாங்க. சண்முகசுந்தரம்னு ஒருத்தர் நடத்துறாரு. நான் அனுப்புன வீடியோல பிரவினப் பாத்துட்டு ஃபைனலுக்கு நேர்ல வர்றேன்னு சொல்லியிருக்காரு. தங்க எடம், சம்பளம் எல்லாம் உண்டு. பையன் ஓடுறான், மார்க் புடிக்கிறான், ஆனா கோல் போடுவானா, அதப் பாக்கணும்னாரு."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அதே சிரிப்புதான்."

பிரவின் ஒரு கோல் போடவேண்டும். அந்தச் சென்னைக்காரர் பார்க்கும்போது, தன் காலால், ஒன்றே ஒன்று. அது நடந்தால் அவன் கரித்தூளிலிருந்து எழுந்து போய்விடுவான். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கோப்பையை வேண்டுமானால் விழுப்புரத்துக்காரன் கொண்டுபோய்ச் சோறு வடிக்கட்டும்.

"என்ன முன்வரிசையிலேர்ந்து எடுத்துடு," என்றேன். "நான் நடுவுல ஓடுறேன். என் எடத்துல நீ நில்லு. ரிப்பன் இல்லாதவன்கிட்ட குடுத்து அவனுக்கு என்னா லாபம்? தானே அடிச்சித்தான ஆவணும்?"

"இதச் சொல்றதுக்குத்தான் நானும் ஒங்கள நிறுத்துனேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அகாடமிலேர்ந்து ஆரம்பிச்சேன்," என்றான் மதிவாணன். நான் பர்மனென்ட் என்பதால் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் என்னிடம் தயக்கம்.

வீட்டில் என் மனைவி திலகவதியிடம் சொன்னேன். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஒங்க தம்பி ஒரு கோல் போட்டுடுச்சின்னா அன்னைக்கு நான் பாயசம் வெக்கிறேங்க," என்றாள். "ஆனா போடாது."

"ஏன்?"

"நேத்து இங்க சாப்புட வந்துச்சி இல்ல? மீன் கொழம்புல நல்ல துண்டா பாத்து அதுக்கு வெச்சேன். நான் அடுப்புப் பக்கம் திரும்பறதுக்குள்ள அது ஒங்க தட்டுல கெடக்குது. நீங்களும் தின்னுட்டு ஏப்பம் வுட்டீங்க."

நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

அந்த வாரம் காலை ஏ ஷிஃப்ட் முடிந்து சாயங்காலங்களில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கை ஒட்டிய மைதானத்தில் பயிற்சி நடந்தது. மதிவாணன் புதிய வரிசையைச் சொன்னான். பிரவின், "அண்ணன் முன்னாடி இல்லன்னா நான் யாருக்குக் குடுக்குறது?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

கொளஞ்சியப்பன் இரண்டே நாளில் தேறிவிட்டான். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவனுக்குக் கால் தானாகவே கோலைப் பார்த்துத் திரும்பியது. முதல் கோல் போட்டபோது திருடிவிட்டவன்போல என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கை தட்டினேன். அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை.

பிரவின் தனியாக இருக்கும்போது அருமையாக உதைத்தான். பத்துப் பந்து வைத்தால் எட்டு நடுவில் போகும். ஆட்டம் என்று வந்துவிட்டால் கழுத்து திரும்பிவிடும். மதிவாணனுக்கோ கொளஞ்சியப்பனுக்கோ கொடுத்துவிடுவான், அதுவும் என்னைத் தேடிப் பார்த்து, நான் எட்டாத தூரத்தில் இருந்தால்தான். மதிவாணன் ஒருநாள் என்னை மைதானத்துக்கு வெளியே போய் நிற்கச் சொன்னான். எல்லைக்கோட்டுக்கு அப்பால், வேப்பமரத்தடியில் நின்றேன். பிரவின் பந்தைப் பிடித்தான். கோலுக்கு முன்னால் அவன் மட்டும்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். எல்லைக்கோட்டைத் தாண்டி மரத்தடியில் நின்ற என் கைக்குப் பந்தைக் குத்தி அனுப்பினான். மதிவாணன் விசிலைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அடிடா, நீயே அடி," என்றேன் அன்று திரும்பும்போது. "அந்தாளு அதப் பாக்கத்தான் வர்றாரு."

"சரிண்ணா."

"என்னத் தேடாத."

"சரிண்ணா. ஒன் சைக்கிள் செயின் லூசா இருக்குது பாரு, நான் சரி பண்ணித் தர்றேன்."

ஃபைனல் அன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. சண்முகசுந்தரம் வெள்ளைக் காரில் வந்தார். நரைத்த தலை, ஓடுகிறவனின் உடம்பு. மதிவாணன் அவரைக் கூட்டிவந்து அறிமுகப்படுத்தினான். அவர் பிரவினின் கையைக் குலுக்கி, "இன்னைக்கு உங்க கோல் ஒண்ணு பாக்கணும் தம்பி," என்றார். பிரவின் அந்தச் சிரிப்பைச் சிரித்து, "எங்கண்ணன் சார்," என்று என்னைக் காட்டினான். மதிவாணன் மூன்று ரிப்பன்களை எடுத்தான். தன் கையில் ஒன்று, கொளஞ்சியப்பன் கையில் ஒன்று கட்டினான். மூன்றாவதை நான் வாங்கி பிரவினின் கையில் கட்டினேன்.

புதிய முன்வரிசை வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லாப் பந்தும் ஒரே தொப்பையைத் தேடி வரும் என்று விழுப்புரத்துக்காரர்கள் கேள்விப்பட்டு இரண்டு பேரை என்னோடு ஒட்டிவிட்டிருந்தார்கள். ரிப்பன் இல்லாமல் நான் நடுவில் சுற்ற, அந்த இரண்டு பேரும் புரியாமல் என் பின்னாலேயே சுற்றினார்கள். அந்த இடைவெளியில் கொளஞ்சியப்பன் மூன்று கோல் போட்டான். மதிவாணன் இரண்டு. அதில் நான்கு, பிரவின் ஓடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தவை. கூட்டம் அவனுக்கும் கை தட்டியது. சண்முகசுந்தரம் கை தட்டவில்லை. காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

விழுப்புரத்துக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடைசி நிமிஷத்தில் நாங்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஒரு கோல் போட்டால் கோப்பை எங்களுக்கு.

பின்வரிசையிலிருந்து ஒருவன் பந்தை உயரமாக உதைத்தான். கோலுக்கு முன்னால் நான்கைந்து பேர் எழும்பினார்கள். எல்லாக் கைகளுக்கும் மேலே இரண்டு கை போயிற்று. பிரவின். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். மார்க். நடுவர் விசில் ஊதினார். கோலுக்கு நேர் எதிரே, பிள்ளைகள்கூட உதைத்துவிடுகிற தூரம். இனி அவனை யாரும் தொட முடியாது. ஓடிவந்து உதைக்கக் கொஞ்சம் பின்னால் நடந்து போவது வழக்கம். அவன் பின்னால் நடந்தான்.

பின்னால் நான் நின்றிருந்தேன். பந்து போகும் பக்கம் ஓடுவது நடுவரிசைக்காரன் வேலை, ஓடி வந்திருந்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். "நீயே அடி," என்று கத்தினேன். மதிவாணன் கத்தினான், கொளஞ்சியப்பன் கத்தினான். பிரவின் என் பக்கத்திலேயே வந்துவிட்டான். மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. "ஒன் கால்ல நல்லா போவும்ணா," என்று மெதுவாகச் சொல்லி, பந்தைக் குத்தினான்.

அது என் கைக்கு வந்தது. பிறகு நடந்ததில் நான் யோசித்துச் செய்தது என்று எதுவும் இல்லை. கைக்கு வந்ததை வாங்கியே பழகிய உடம்பு. கால் போய்விட்டது. என் ஆயுளில் அப்படி ஒரு உதை உதைத்ததில்லை. பந்து ஆடாமல் அசையாமல் ஏறி, இரண்டு உயரமான கம்பங்களுக்கும் சரி நடுவில், கம்பத்தின் தலைக்கும் மேலே போயிற்று. மைதானம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. பிரவின் என்னைக் கட்டிக்கொண்டு தூக்கினான்.

நடுவர் விசில் ஊதினார். என் இடது கையைக் காட்டினார். ரிப்பன் இல்லை. கோல் இல்லை. பந்து விழுப்புரத்துக்கு. அவர்கள் அதை எல்லைக்கு வெளியே உதைத்துவிட்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடினார்கள்.

எங்கள் ஆட்கள் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். மதிவாணன் ரிப்பனை அவிழ்த்துத் தரையில் எறிந்துவிட்டுக் குழாயடிக்குப் போனான். யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொளஞ்சியப்பன் வந்து, "செம கிக்குண்ணா," என்றுகூடச் சொன்னான். பிரவின் எனக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து மூடியைத் திருகிக் கொடுத்தான். நான் வாங்கிக் குடித்தேன். வருத்தம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை.

சண்முகசுந்தரம் நேராக எங்களிடம் வந்தார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எத்தனை வருஷமா ஆடறீங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும் சார். இவன்தான் சார் என் தம்பி பிரவின்."

"பாத்தேன். நல்ல பையன். எல்லாம் செய்யறாரு. ஆனா முடிக்கறப்ப யாரையாவது தேடறாரு. அதை நான் பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்க முடியாதில்ல?" பிரவினின் தோளைத் தட்டிக்கொண்டேதான் சொன்னார். பிறகு மறுபடி என்னிடம் திரும்பினார். "அந்தக் கடைசி உதை, அவ்வளவு சத்தத்துல அவ்வளவு நிதானம். எனக்கு ஓடற ஆள் வேணாம், நின்னு சொல்லிக்குடுக்கற ஆள் போதும். நீங்க வர்றீங்களா? மாசத்துல நாலு சனி ஞாயிறு வந்தாக்கூடப் போதும், இந்த வேலையை விடவேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும், வரவில்லை. பிரவின் முந்திக்கொண்டான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"வருவாரு சார். அண்ணன் சூப்பரா சொல்லித் தருவாரு. நம்பர் எழுதிக்கங்க சார்." போனை எடுத்து என் நம்பரைச் சொல்லத் தொடங்கினான்.

"வேணாம் சார்," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை."

"யோசிக்க ஒண்ணும் இல்ல சார். எனக்கு வேல இருக்குது. இவனுக்குத்தான் வேணும். இவனக் கூட்டிக்கினு போங்க. இல்லன்னா வுடுங்க."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த சீசன்ல பாக்கலாம் தம்பி," என்று பிரவினிடம் சொல்லிவிட்டுப் போனார். கார் கிளம்பி, ஊர் முகப்பிலிருக்கும் ஆர்ச் கேட் பக்கம் திரும்பும் வரை பிரவின் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பியபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் முகம் அப்படியும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"ஏண்ணா வேணாம்ன?"

"அது ஒனக்கு வந்தது."

"எனக்கு எங்க வந்துச்சி? ஒன்னத்தான கேட்டாரு. நான் சந்தோசமாத்தான சொன்னேன், எடுத்துக்கன்னு."

"நீ சொன்னா நான் வாங்கிக்கணுமா?" என் குரல் உயர்ந்துவிட்டது. குழாயடியில் மதிவாணன் திரும்பிப் பார்த்தான். "அன்னைக்கு வாங்கிக்கினது போதாதாடா? நான் பாட்டுக்கு லாரி ஓட்டிக்கினு இருந்தேன். எனக்கு வேணுமான்னு யாருடா கேட்டீங்க? எல்லாத்தயும் கொண்டாந்து என் தலையில வெச்சிட்டு நீ நல்லவன்னு பேரு வாங்கிக்கினு சுத்துற. இன்னைக்கு ஒன் கையில பந்து, எதுர்ல கோல். ஒரே ஒரு உதை. அதக்கூட ஒன்னால எனக்காகப் பண்ண முடியலியா?"

அவன் திட்டு வாங்கியவன்போல நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்து, ரிப்பனை அவிழ்க்கப் பார்த்தான். நான் கட்டிய முடிச்சு இறுகிப்போயிருந்தது, வரவில்லை.

"அடிச்சி வெளிய போயிருந்தா?" என்றான்.

"போனா போவுது."

"ஒனக்குப் போவும்ணா. நீ எத்தினி வெளிய அடிச்சாலும் நாளைக்கு ஷிஃப்ட்டுக்குப் போனா ராஜேந்திரண்ணன்தான். எனக்கு அப்படியா? மைன்ஸ்ல, டீக்கடையில, பொண்ணு பாக்கப் போற வூட்ல, எங்க போனாலும் எனக்கு ஒரே பேருதான். அண்ணனுக்கு வுட்டுக் குடுத்தவன். நான் அடிச்சி அது வெளிய போச்சின்னு வெச்சிக்க, என்னா சொல்லுவாங்க? அட, அந்த வேலய இவனுக்குக் குடுத்திருந்தாலும் இப்படித்தான் வுட்டிருப்பான்னு சொல்லுவாங்க. அப்பறம் நான் குடுத்ததுக்கு என்னாண்ணா மதிப்பு? ஒண்ணுத்துக்கும் ஆவாதவன் குடுத்தான், அவ்ளோதான்."

அவன் அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"இன்னைக்கு ஒருத்தரு வந்து ஒனக்கு ஒண்ணு தர்றேன்னாரு. அது என்னாலதான ஒனக்கு வந்துச்சி? நான் எவ்ளோ சந்தோசப்பட்டேன் தெரியுமா? அதயும் வேணாம்னுட்ட. நீ வாங்கிக்கலன்னா நான் யாருண்ணா?"

பத்து வருஷமாக ஊசி போட்ட இடத்தில் அப்போதுதான் உணர்ச்சி வந்தது. வலித்தது. அவனுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நான் ரிப்பனைக் கட்டினேன், இடத்தைக் காலி செய்தேன், வேண்டாம் என்றேன். அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் எல்லோர் எதிரிலும் தட்டிவிட்டிருக்கிறேன். இதற்கு நான் என்ன செய்தாலும் சரியாகாது என்று தெரிந்தது. வாங்கிக்கொண்டால் அவன் கரி அள்ளுவான். வாங்காவிட்டால் அவன் யாருமே இல்லை.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. விழுப்புரத்துக்காரர்கள் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னால் நிறுத்த முடியவில்லை. கோல் போய்விட்டதற்காக அழுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, பிரவின் பதறிப்போய் என் முதுகைத் தடவினான்.

"அழாதண்ணா," என்றான். "கோல் நல்லாத்தாண்ணா போச்சி."